அபிநயா வரைந்த வரிசைப் படம்

யாராவது பேசிக்கொண்டிருந்தால் அபிநயா பேசுகிறவரைப் பார்க்க மாட்டாள். கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்ப்பாள். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது இதை முதலில் கவனித்தேன். கோமுகி வாய்க்கால் தண்ணீர் முறைக்காக எங்கள் தெருவில் ஆண்கள் கூடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் யார் கத்துகிறாரோ அவர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இவள் அப்பா கண்ணாயிரத்தின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டிலும் அப்படித்தான், நிச்சயதார்த்த வீட்டிலும் அப்படித்தான். "பேசறவங்க மூஞ்சப் பாருடி" என்று அவள் அம்மா தலையில் தட்டுவார். கல்லூரிக்குப் போன பிறகும் அது மாறவில்லை.

கச்சிராயபாளையத்தில் அவர்கள் வீடும் என் வீடும் எதிரெதிர். கண்ணாயிரம் அண்ணன் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போடுகிறவர். மகளை உள்ளூர் அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கு அனுப்பி, பிறகு சென்னைக்கும் அனுப்பினார். அவள் படித்தது உளவியல். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். திடீரென்று அதை விட்டுவிட்டு, பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்று ஊருக்கு வந்து நின்றாள்.

"மனசுக்குப் படிச்சா பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டருதானே?" என்று கண்ணாயிரம் அண்ணன் என்னிடம் வந்து கேட்டார். "அப்படின்னா இங்கயே ஒரு போர்டு மாட்டிக்கலாமே. நம்மூருல கூட்டம் கம்மியா இருக்காது."

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கும் அது என்ன படிப்பு என்று தெரியவில்லை. அவளிடமே கேட்டேன்.

"நாலு பேரு சேந்து ஒரு வேலை செய்யறாங்கக்கா. அதுல ஒருத்தருக்கு முடியாம போவுது. மத்தவங்க இன்னா பண்றாங்க? மேல இருக்கறவங்ககிட்ட சொல்றாங்களா, மூடிக்கறாங்களா, அப்படியே வுட்டுடறாங்களா? யாரு வாயத் தொறக்கறாங்க, யாரு தொறக்கல? அதான் என் படிப்பு."

"இதுக்குப் போயி படிக்கணுமா?"

"படிச்சவங்களுக்குத்தாங்க்கா இது தெரியல."

அவளுடைய பேராசிரியை, ஆபீஸ்களை விட்டு வேறு ஒரு வேலைத்தளத்தைப் பார் என்று சொல்லியிருந்தாராம். அவள் என்னைத்தான் பார்த்தாள். கள்ளக்குறிச்சி சாலையில் இருக்கும் ஜவ்வரிசி மில்லில், மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவும் கொட்டகையில் எனக்குப் பதினோரு வருட வேலை. சூப்பர்வைசர் தங்கதுரையிடம் கேட்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. அவர் முதலாளி தீனதயாளனிடம் சொன்னார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முதல் மூன்று மாதம் முடிந்ததும், வேலை எப்படி நடக்கிறது, எங்கே குறை என்று ஒரு அறிக்கை எழுதித் தர வேண்டும். அபிநயா சரி என்றாள். அந்த அறிக்கையைப் பற்றி அப்போது எங்களில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கொட்டகையில் நாங்கள் பதினான்கு பேர் ஒரே வரிசையாகப் பலகை போட்டு உட்காருவோம். பாதிப் பேர் கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள், பாதிப் பேர் கீழே இருக்கிறவர்கள். ஒருத்தி வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த இடத்தில் உட்கார்ந்தாளோ, அதுதான் அவளுக்குக் கடைசிவரை. அவள் லீவு போட்டால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். வேலையை விட்டாலும், செத்தே போனாலும், அந்த வீட்டிலிருந்து மருமகளோ மகளோ வருகிறவரை இடம் அப்படியே கிடக்கும். பாப்பாத்தி அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். ஆனாலும் வரிசையில் ஒன்பதாவது இடம் காலியாகவே இருந்தது. அதில் ஒரு கத்தியைக்கூட யாரும் வைக்க மாட்டோம்.

அபிநயா ஐப்பசியில் வந்தாள். முதல் வாரம் அச்சடித்த தாள்களைக் கொண்டுவந்தாள். "உங்கள் குழுவில் ஒருவர் தவறு செய்தால் மேலதிகாரியிடம் சொல்வீர்களா?" என்று கேள்வி. நிச்சயம் சொல்வேன் என்பதிலிருந்து நிச்சயம் சொல்ல மாட்டேன் என்பது வரை ஐந்து பதில்கள். வரிசையில் முதலில் இருக்கும் விஜயலட்சுமியிடம் படித்துக் காட்டினாள். விஜயலட்சுமி, "நிச்சயம் சொல்லுவேன்" என்று கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். அடுத்தவளும் நிச்சயம் சொல்லுவேன் என்றாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். பதினான்காவது ஆள், கேள்வியைப் படிக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"ஏங்க்கா, எல்லாரும் ஒரே பதிலா?"

"கேள்வி ஒண்ணுதானே" என்றாள் விஜயலட்சுமி. "அவளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு சொன்னா சண்டைதானே வரும்."

அபிநயா சிரித்துவிட்டுத் தாள்களை மடித்துப் பையில் போட்டாள். அதற்குப் பிறகு கேள்வியே கேட்கவில்லை. ஒரு சிறு முக்காலியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள். பெண்கள் அவளுக்கு நோட்டுக்காரி என்று பேர் வைத்தார்கள். "நோட்டுக்காரி, நான் இப்ப தும்மினேன், எழுதிக்கினியா?" என்பார்கள். "எழுதிட்டேங்க்கா, ரெண்டு தும்மல்" என்பாள். மூன்றாவது வாரத்திலேயே அவள் இருப்பதை மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் மறக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்.

ஏனென்றால் எங்கள் வரிசையில் மறைக்க ஒரு விஷயம் இருந்தது. காலி இடத்துக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் பாவாயி அக்கா. வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஊர். சொந்தக் காட்டில் சாமையும் தினையும் போட்டுவிட்டு, மில் ஓடும் மாதங்களில் வேலைக்கு வருகிறவர். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கிழங்கின் வெள்ளையும் தோலின் பழுப்பும் அவருக்கு ஒரே நிறம். கிழங்கில் தோல் ஒட்டியிருந்தால் மாவு மங்கிப்போகும், கூடையைத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் அவர் சீவிய கிழங்கில் தோல் இருந்தால், அவருக்கு அடுத்து இருப்பவர் அதைப் பாப்பாத்தியின் இடத்தைத் தாண்டி என் பக்கம் உருட்டிவிடுவார். நான் சீவி, நல்ல கிழங்காக அந்தப் பக்கம் திருப்பி உருட்டுவேன். அது பாவாயி அக்காவின் கூடைக்குப் போகும். இதைச் செய்வோம் என்று யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டது கிடையாது.

அபிநயா இதை இரண்டாம் மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். என்னிடம் தனியாக வந்து சத்தியம் செய்தாள். "எந்தப் பேரும் எழுத மாட்டேங்க்கா. யாரு சொன்னது, யாரப் பத்தினதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. இது எங்க படிப்புல சட்டம்." கொட்டகையில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னாள். நான் தலையாட்டினேன். பயம் மட்டும் போகவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அறிக்கையை மில் ஆபீஸில் கொடுத்துவிட்டாள். ஞாயிறு மத்தியானம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் முகம் அத்தனை தெளிவாக இருந்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. "எங்க மேடம் படிச்சுட்டு, இதான் உன் ஆய்வுக்கே உயிருன்னு சொன்னாங்கக்கா. எட்டாம் பக்கம் பாருங்க. உங்க வரிசைதான்."

ஒரு படம். பதினான்கு சின்ன வட்டங்கள். பேர் இல்லை. எண்கள் மட்டும், அவையும் வரிசையாக இல்லாமல் கலைத்துப் போட்டவை. வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்புகள், உதவி எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுவதற்கு. ஒரு வட்டத்தைச் சுற்றி மட்டும் அம்புகள் நெருக்கமாக இருந்தன. கீழே, இந்த உறுப்பினருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது, குழு அதை ஈடுகட்டுகிறது என்று எழுதியிருந்தது. அந்த வட்டத்துக்கும் பக்கத்து வட்டத்துக்கும் நடுவே, ஒரு வட்டம் போடுகிற அளவு இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

அந்த வெறும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். "நல்லா இருக்குது" என்றேன். காபி கொடுத்தேன். அவள் குடித்துவிட்டுப் போனாள்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படித்தவள், மூன்று மாதம் உழைத்து எழுதியிருக்கிறாள், அவளுடைய மேடம் பார்த்திருக்கிறார், நான் எட்டாவது படித்துவிட்டு என்ன சொல்வது என்று ஒரு பக்கம். நான் நினைப்பது தப்பாக இருந்துவிடட்டும் என்று இன்னொரு பக்கம். அன்று சாயங்காலம் உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். மில் ஆபீஸ் மேசை கண்முன் வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் அவளைப் பிடித்தேன்.

"அபி, அந்தப் படத்துல ஒரு இடம் காலியா வுட்டிருக்கியே."

"ஆமாக்கா, பாப்பாத்தியம்மா இடம். வுட்டுட மனசு வரல. ரெண்டு வருஷமா ஒரு குழு செத்துப்போனவங்க இடத்தக் காலியா..."

"அது பாப்பாத்தி இடம்னு மில்லுல வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்."

குடத்தின் பக்கம் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாருன்னும் தெரியும்."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன். பேரை மறைத்தாள், எண்ணைக் கலைத்தாள். சென்னையில் படிக்கிற யாருக்கும் அந்த வெறும் இடம் ஒன்றும் சொல்லாது. எங்கள் மில்லில் அது ஒரு பேரைவிடப் பெரியது.

"நேத்தே ஏங்க்கா சொல்லல?"

நான் அவள் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அவள் ஸ்கூட்டரில் இருவரும் ஏழரைக்கே மில்லுக்குப் போனோம். முதலாளி பத்து மணிக்குத்தான் வருவார். உறை மேசையில் இருந்தால் எடுத்துவிடலாம் என்று பார்த்தோம். மேசையில் இல்லை. எடை மேடைக்குப் பக்கத்து அறையில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தங்கதுரை அதைப் படித்துக்கொண்டிருந்தார். முதலாளிதான் சனிக்கிழமையே, நீ படித்துவிட்டுச் சொல் என்று பிரிக்காமல் கொடுத்துவிட்டாராம்.

"குந்தும்மா" என்றார். "நல்லாத்தான் எழுதியிருக்க. எட்டாம் பக்கத்தத் தவிர."

"சார், அந்தப் பக்கத்த நான் மாத்தித் தர்றேன் சார். அதுல..."

"பாவாயிக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்மா."

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"கூடையப் பாக்கறது நான்தானே. கூடையில தோலு இருக்காது. ஆனா அந்தம்மா ஒவ்வொரு கெழங்கையும் வெரலால தடவித் தடவிப் பாக்குது. கண்ணு தெரியறவ தடவுவாளா? நீங்க யாரும் சொல்லல, நானும் கேக்கல. ஓடிக்கினு இருந்துச்சு. இப்ப நீ எழுதிட்ட." கண்ணாடியைக் கழற்றினார். "முதலாளி வந்து, தங்கதுரை, யாரு இதுன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? தெரியாதுன்னா, நீ இன்னா சூப்பர்வைசருன்னு கேப்பாரு. தெரியும்னா, ஏன் சொல்லலன்னு கேப்பாரு. ரெண்டுக்கும் எனக்கு வேலை போவும். பாவாயிக்கு முன்னாடியே நான் வூட்டுக்குப் போவணும்."

அபிநயாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "நான் அவருகிட்டயே சொல்லித் திரும்ப வாங்கிக்கறேன் சார்."

"இன்னான்னு சொல்லுவ?"

"படத்துல தப்பு இருக்குதுன்னு. அது உண்மைதான்."

முதலாளி பத்தே காலுக்கு வந்தார். கொட்டகையில் என் இடம் காலியாக இருப்பதை நினைத்துக்கொண்டே நான் ஆபீஸ் வாசலில் நின்றேன். கூட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"இன்னாம்மா, குடுத்துட்டுத் திரும்பக் கேக்கற?" முதலாளி நிதானமாகத்தான் கேட்டார். "ஒரு மாசமா மாவு நெறம் மட்டம்னு சேலத்துலேர்ந்து போன் மேல போன். உன் அறிக்கைல எதனா கெடைக்குமான்னு நானே எதிர்பாத்துக்கினு இருக்கேன்."

"படம் ஒண்ணு தப்பா வரைஞ்சிட்டேன் சார்."

"இன்னா தப்பு?"

அவள் மேசைமேல் இருந்த உறையையே பார்த்தாள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "மலர்விழி, நீதானே இட்டாந்த. நீ சொல்லு. இன்னா தப்பு?"

பதினோரு வருடத்தில் அவர் என் பேரைச் சொன்னது அன்றுதான். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

"எண்ணெல்லாம் மாறிப்போயிருக்குதுங்க" என்றார் தங்கதுரை, பின்னாலிருந்து. "நான்தான் படிச்சிட்டு, சரி பண்ணிக்கினு வரச்சொன்னேன்."

முதலாளி அவரை ஒரு முறை பார்த்தார், அபிநயாவை ஒரு முறை பார்த்தார். "மூணு மாசம் வந்து குந்திக்கினு இருந்துட்டு எண்ணக்கூட ஒழுங்கா எழுதலன்னா இது இன்னா படிப்பும்மா? எடுத்துக்கினு போ. திரும்பக் குடுக்கவும் வேணாம். இனிமே உள்ளாற வரவும் வேணாம்."

இன்னும் ஆறு மாதம் வந்து பார்க்க அவளுக்கு அனுமதி இருந்தது. அது அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டியதும் சட்டென்று நின்றாள்.

"அக்கா. வாட்ஸ்அப்."

சனிக்கிழமை தாளைக் கொடுத்த கையோடு, அதையே முதலாளியின் போனுக்கும் அனுப்பியிருக்கிறாள். போனை எடுத்துக் காட்டினாள். இரண்டு டிக், சாம்பல் நிறம். அவர் பார்த்திருந்தால் நீலமாகியிருக்கும் என்றாள். அவர் போனிலிருந்தும் போகிற மாதிரி உடனே அழித்தாள். ஆனால் சில போன்களில், வந்த கோப்பு தானாகவே உள்ளே இறங்கித் தங்கிவிடுமாம். சில பேர் நீல டிக் தெரியாதபடி வைத்திருப்பார்களாம். சொல்லச் சொல்ல அவள் குரல் சிறுத்துக்கொண்டே போனது. "நான் அழிச்சிட்டேன்னு அவருக்குக் காட்டும்க்கா. எதையோ அழிச்சிருக்கான்னு தேடுவாரோ?"

நான் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டே நின்றேன். எனக்கு என்ன தெரியும் அதைப் பற்றி.

இத்தோடு விட்டுவிடு, பாவாயி அக்காவிடம் சொல்லாதே என்று அவளைக் கெஞ்சினேன். கேட்கவில்லை. வாக்குக் கொடுத்து அதை மீறியாயிற்று, மீறினதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்றாள். சாயங்காலம் மலை ஜீப் நிற்கும் இடத்தில் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாவாயி அக்கா தலைச்சும்மாடுத் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"என் கண்ணப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்லம்மா."

"கெழங்கு யாவாரிகூட மலைக்கு வந்து, பாவாயி, தோண்டட்டுமான்னு கேட்டுட்டுத்தான் மம்முட்டியப் போடறான். நீ என் எதிர்லயே மூணு மாசம் குந்திக்கினு இருந்த."

அபிநயா அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத. நீ அழுவறது எனக்குத் தெரியவா போவுது" என்றார் பாவாயி அக்கா. ஜீப்பில் முதலில் ஏறியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஜீப் கிளம்பும்வரை அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் வேலைக்குப் போன ஒவ்வொரு காலையும், ஆபீஸ் பக்கமிருந்து யாராவது கொட்டகைக்கு வருகிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கத்தி விரலில் இறங்கியது. வரிசையில் பேச்சே இல்லை. அபிநயாவின் முக்காலி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.

தங்கதுரைதான் ஒரு நாள் கூடை பார்க்க வந்தபோது, யாரையும் பார்க்காமல், "ஆபரேசன் பண்ணிக்கினு வந்துடு" என்றார்.

"பத்து நாளு வரலன்னா ஏன்னு கேப்பாங்க" என்றார் பாவாயி அக்கா. "கண்ணுன்னு சொன்னா அப்பறம் யாரு சேத்துக்குவாங்க?"

"மலையில சாமை அறுப்புன்னு சொல்லிக்கறேன்."

"மாசி மாசத்துல எந்த ஊருல சாமை அறுக்கறாங்க?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முதலாளிக்கு இன்னா தெரியும்?"

அன்றுதான் வரிசையில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. பாவாயி அக்கா கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். கூட இருந்து பார்த்துக்கொண்டது அவர் மகள் தமிழ்ப்ரியா. அபிநயா இரண்டு நாள் வாசல்வரை போனாள். முதல் நாள் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள், வெயிலில் நிற்காதே, உள்ளே வந்து உட்கார் என்று தமிழ்ப்ரியா கூப்பிட்டாள். பேசிக்கொண்டது ஒன்றும் இல்லை என்று அபிநயா சொன்னாள்.

அந்த எட்டாம் பக்கத்தை அவள் ஆய்விலிருந்து எடுத்துவிட்டாள். படத்தின் வரிசையை மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்று மேடம் எவ்வளவோ சொன்னாராம். அந்தம்மா சம்மதிக்காமல் எந்த மாதிரி வரைந்தாலும் அது தப்புதான் என்று இவள் மறுத்துவிட்டாள். அதை எடுத்த பிறகு மிச்சமிருப்பது பிஎச்.டி.க்குப் போதாது. இன்னொரு இடத்தில் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஆய்வை முடிக்கக் கொடுத்திருந்த கெடுவில் ஒரு வருடம்தான் பாக்கி. கண்ணாயிரம் அண்ணன் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது ஆடி மாதம். பாவாயி அக்காவுக்கு வலது கண் தெரிகிறது, இடது கண்ணுக்குப் புரட்டாசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார். அபிநயா உளுந்தூர்பேட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள், காலை ஆறே முக்கால் பஸ்ஸில் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறாள். ஆய்வுக்கு வேறு இடம் இன்னும் கிடைக்கவில்லை. முதலாளி தன் போனில் அந்தக் கோப்பைத் திறந்தாரா இல்லையா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.